மகளின் புத்தகத்தில் அம்மாவின் பாடம்

"நான் இனிப்பு வாயில வைக்கிறதில்லை, தங்கச்சி. குடிக்கிறதும் வெறுந்தேத்தண்ணிதான். பிறகு எப்பிடி எனக்குச் சீனி ஏறுது?"

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் சந்தித்த ஓர் அக்காவின் கேள்வி இது. 1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது அவர் ஒன்பதாம் ஆண்டு மாணவி. படிப்பு அதோடு நின்றது. 2009 இல் கணவரையும் இழந்தார். இப்போது நீரிழிவு. கிளினிக் கொப்பி உண்டு, குளிசை உண்டு, விளக்கம் மட்டும் இல்லை. சீனி குறையட்டும் என்று காலைச் சாப்பாட்டை விட்டுக் குளிசையை மட்டும் போட்டு, ஒருநாள் வயலில் மயங்கி விழுந்திருக்கிறார்.

நான் படித்தது சமூகவியல். எனக்கும் சரியான விடை தெரியாது. தேடிப் பார்த்தால் அது அவர் வீட்டிலேயே இருந்தது: மகளின் தரம் 11 விஞ்ஞானப் புத்தகம். 1980 முதல் அரசு இலவசமாகத் தந்துவரும் பாடநூல்களில் ஒன்று. அதில் சமிபாடு, சுவாசம், கழிவகற்றல் ஆகிய பகுதிகளை மட்டும் மகள் வாசிக்க, நாங்கள் இருவரும் கேட்டோம்.

சகோதரிகளே, ஒரு வாய் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல இனிக்கும். உமிழ்நீரில் உள்ள நொதியம் மாப்பொருளை வெல்லமாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. சிறுகுடலில் அது குளுக்கோசாகிக் குருதியில் சேரும். புட்டு, பாண், மரவள்ளிக்கிழங்கு எல்லாவற்றுக்கும் இதே வழிதான். சதையி சுரக்கும் இன்சுலின் இந்தக் குளுக்கோசு கலங்களுக்குள் போக உதவுகிறது. மிகுதியில் ஒரு பங்கு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படும். இன்சுலின் போதாவிட்டால், அல்லது உடல் அதற்கு இணங்காவிட்டால், குளுக்கோசு குருதியிலேயே தேங்கிவிடும். சீனி தொடாதவருக்கும் சீனி ஏறுவது இப்படித்தான்.

அக்கா மயங்கியதற்கும் விளக்கம் கிடைத்தது. சில குளிசைகள் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கச் செய்யும். வயிறு வெறுமையாக இருந்தால் குளுக்கோசு அளவுக்கு மீறி இறங்கிவிடும். தான் போடுவது அந்த வகையா என்பதைக் கிளினிக்கில்தான் கேட்டறிய வேண்டும். நாமாகக் குளிசையை நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

"சுவாசம்" என்ற பாடத்தை மூச்சு விடுவது பற்றியது என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். கலத்துக்குள் குளுக்கோசு ஒட்சிசனுடன் சேர்ந்து சக்தி தருவதும் அதில்தான் வருகிறது. இப்படி உடல் உடைப்பதும் கட்டுவதுமான எல்லா வேலைகளுக்கும் சேர்த்து அனுசேபம் என்று பெயர். தமிழ்நாட்டுப் புத்தகங்களிலும் காணொளிகளிலும் இதையே வளர்சிதை மாற்றம் என்பார்கள், கலத்தைச் செல் என்பார்கள். இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் குழம்பினேன்.

பிள்ளைகள் படிக்காத வீடென்றால் அயல் வீட்டில் இரவல் கேளுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் தமிழ்ப் பாடநூல்களை இலவசமாகப் பெறலாம். உயர்தர உயிரியல் நூலைத் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம், அது பயமுறுத்திவிடும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அக்கா கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டு போனார். முதலாவது: "இந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?"