ஆம்புலன்ஸ் வண்டியில் யார் செல்வது?

வீதியில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீழ்கிறார். ஆம்புலன்ஸ் வண்டி விரைந்து வருகிறது. அதில் வருவோர் எத்தகைய பயிற்சியுடையோராய் இருத்தல் வேண்டும்? மிகக் கற்றவரே வருதல் நன்றென எவரும் கூறுவர். அவ்விடை முற்றும் பொருந்தாது என்பதை ஈண்டு விளக்குவோம்.

இப்பணியாளர் இரு வகையினர். அவசர மருத்துவ உதவியாளர், மார்பை அமுக்கி இரத்த ஓட்டத்தைக் காத்தல், மூச்சூட்டுதல், இரத்தப் பெருக்கை நிறுத்துதல், இருதயத்திற்கு மின்னதிர்ச்சி தருதல் முதலியவற்றைச் செய்வர். நெடுங்காலம் பயின்ற பாராமெடிக்குகளோ, இவற்றோடு மூச்சுக்குழலுட் குழாய் செலுத்துதல், இரத்தக்குழாய் வழியாக மருந்தேற்றுதல் ஆகியவற்றையும் செய்ய வல்லவர்.

கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில், விரைவாக மின்னதிர்ச்சி தரும் ஏற்பாடு முன்னமே அமைந்திருந்த 17 நகரங்களில் பாராமெடிக்குகளையும் சேர்த்து ஆராய்ந்தனர். இருதயம் நின்றோருள் பிழைத்து வீடு திரும்பியவர், முன்பு நூற்றுக்கு 5.0, பின்பு 5.1. வேற்றுமை இல்லை என்றே சொல்லலாம். அருகிருந்தோர் உடனே மார்பை அமுக்கியதும், 8 நிமிஷத்துக்குள் மின்னதிர்ச்சி கிடைத்ததுமே பிழைத்தோரிடம் மிகுதியாய்க் காணப்பட்டன. இம்முடிவு 2004-இல் வெளியாயிற்று.

அங்ஙனமாயின் பாராமெடிக்குகள் வேண்டாவோ? அன்று. அதே மாகாணத்தில் மூச்சுத் திணறலால் வருந்தியோருள் இறந்தவர் நூற்றுக்கு 14.3-லிருந்து 12.4 ஆகக் குறைந்தமை 2007-இல் வெளியாயிற்று. நோய்க்கேற்பக் கல்வியின் பயன் வேறுபடுகின்றது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1970 முதல் பாராமெடிக் வண்டிகளை நடத்தி வருகிறது. அங்கே தீயணைப்போர் அனைவரும் உதவியாளர் பயிற்சி பெற்றவர். அண்மையிலுள்ள நிலையத்தார் முதலிற் சென்று சேர்வர். கடும் நோயாயின் பாராமெடிக்குகள் இருவரைக் கொண்ட வண்டியும் உடன் அனுப்பப்படும். பாராமெடிக்குகள் சிலரேயாதலின், அவருள் ஒவ்வொருவரும் கடும் நோயாளரை அடிக்கடி காண்பர், கைத்திறன் மழுங்காது. வண்டிதோறும் அவரை ஏற்றினால், அரிய சிகிச்சை செய்யும் வாய்ப்பு ஒருவர்க்கு எப்பொழுதோ ஒருமுறையே நேரும். எளிய உதவி பலரிடம் அருகில் இருத்தல் வேண்டும். அரிய திறன் பழகிய சிலரிடம் நிலைத்தல் வேண்டும். இதுவே அம்முறையின் உட்கருத்து.

நண்பர்களே! வண்டி எத்துணை விரைந்து வரினும், அதற்கு முன் வீழ்ந்தவர் அருகே நிற்பவர் நம்மில் ஒருவராகவே இருப்பர். மார்பை அமுக்கும் முறையைச் சில மணி நேரத்திற் கற்கலாம். அதனைக் கல்லாது நிற்கும் கைகள், அவ்வேளையில் இருந்தும் இல்லாதவையே.