ஆயில் மாற்றிய பின் இஞ்சினில் கசிவா?

கம்பைநல்லூர் வட்டாரத்தில் தென்பெண்ணை ஆறு அருகிலேயே ஓடினாலும் மஞ்சள், மரவள்ளி, தக்காளி போன்ற பயிர்கள் பெரும்பாலும் கிணற்று நீரை நம்பியே சாகுபடி செய்யப்படுகின்றன. மின் மோட்டார்கள் பெருகிவிட்ட போதிலும், மின் இணைப்புக் கிடைக்காத தோட்டங்களிலும் மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும் டீசல் இஞ்சினே கை கொடுக்கிறது. பவர் டில்லர், பழைய டிராக்டர் ஆகியவற்றைச் சொந்தமாக வைத்திருப்போரும் உண்டு.

இவற்றுக்கு ஆயில் மாற்றுவதற்காக ஒவ்வொரு தடவையும் அரூருக்கோ தருமபுரிக்கோ சென்று மெக்கானிக்கை அழைத்து வந்தால் கூலியும் ஒரு நாள் பொழுதும் வீணாகின்றன. ஆகவே விவசாயிகள் பலர் தாங்களே ஆயில் மாற்றிக் கொள்கின்றனர். இது நல்ல பழக்கம்தான். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் இஞ்சினுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை காணப்படும். உடனே பெரிய ஸ்பேனரை எடுத்து, அடியில் உள்ள போல்ட்டைப் பலங்கொண்ட மட்டும் இறுக்குவார்கள். தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அது கசிவுதானா என்று தெரிந்து கொள்ள வேண்டும். பழைய ஆயிலை வடிக்கும்போதும் பில்டரைக் கழற்றும்போதும் கொஞ்சம் ஆயில் சட்டத்தின் மேலும் போல்ட்டு இடுக்குகளிலும் வழிந்து தங்கிவிடும். இஞ்சின் சூடாகும்போது இது இளகிச் சொட்டும். ஓரிரு நாளில் தானே நின்றுவிடும். எனவே இஞ்சினின் அடிப்பாகம் முழுவதையும் டீசலில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள். சந்தேகமுள்ள இடங்களில் முகப்பவுடரையோ சுண்ணக்கட்டித் தூளையோ மெல்லியதாகத் தூவுங்கள். கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, பத்து நிமிடம் இஞ்சினை ஓட்டி நிறுத்துங்கள். தூள் முதலில் எங்கே நனைந்திருக்கிறதோ அதுவே கசியும் இடம். சொட்டு விழும் இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஆயில் எப்போதும் மேலிருந்து கீழே வழிந்து, தாழ்ந்த முனையில் வந்துதான் சொட்டும். டிராக்டரில் விசிறிக் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளிவிடும்.

ஆயில் மாற்றிய பின் உண்டாகும் கசிவுக்கு மிகுதியும் காரணமாக இருப்பது ஆயில் வடிக்கும் போல்ட்டுதான். இதில் ஒரு விஷயத்தைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆயிலைத் தடுத்து நிறுத்துவது போல்ட்டின் மரை அன்று. அதன் தலைக்கடியில் உள்ள செம்பு வாஷர்தான். செம்பு மிருதுவான உலோகம் என்பதால், இறுக்கும்போது நசுங்கி, இரு பக்கத்திலும் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களில் படிந்து கொள்கிறது. ஆனால் ஒரு முறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும். அடுத்த முறை அதையே போட்டால் படியாது. எவ்வளவு இறுக்கினாலும் ஈரம் கசிந்து கொண்டே இருக்கும்.

புது வாஷர் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஆயில் வாங்கும்போதே பழைய வாஷரை மாதிரிக்குக் காட்டி இரண்டு வாங்கி வைத்துக் கொள்வது நல்லது. அவசரத்துக்குக் கிடைக்காவிட்டால் பழைய செம்பு வாஷரையே பதப்படுத்தலாம். கம்பியில் கோத்து அடுப்புத் தணலில் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும். கறுப்பு ஏட்டை நைசான உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டால் வாஷர் மீண்டும் மிருதுவாகிவிடும். பாத்திரம் அடிப்பவர்கள் செம்பைத் தட்டத் தட்ட இடையிடையே காய்ச்சி எடுப்பதும் இதே காரணத்தால்தான். அலுமினிய வாஷருக்கு இது ஒத்துவராது. சிவப்பதற்கு முன்பே உருகிவிடும். அதைப் புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

வாஷர் உட்காரும் இரு முகங்களிலும் மணல், பழைய பேக்கிங் துணுக்கு எதுவும் இல்லாமல் துடைத்து, போல்ட்டைக் கையால் கடைசி வரை சுற்றுங்கள். கையாலேயே சுலபமாக ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். கழற்றி மறுபடியும் தொடங்குங்கள். வாஷர் பட்ட பிறகு சாதாரண ஸ்பேனரால் சுமார் கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இறுக்கவே கூடாது. நான் பணியில் சேர்ந்த புதிதில் என் கைப்பலத்தைக் காட்டப் போய், அலுமினிய அடித்தொட்டி ஒன்றின் மரையைத் தூளாக்கியிருக்கிறேன். நான்கு சொட்டுக் கசிவை நிறுத்தப் போனது, தொட்டியையே கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டு போவதில் முடிந்தது. அப்படி மரை போய்விட்டால் தொட்டியைக் கழற்றித்தான் புது மரை வெட்ட வேண்டும். இஞ்சினில் இருக்கும்போதே வெட்டினால் உலோகத் துருவல் உள்ளே விழுந்து பேரிங்கைத் தின்றுவிடும்.

போல்ட்டில் கசிவு இல்லையென்றால் அடுத்ததாகப் பில்டரைப் பாருங்கள். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இஞ்சின் பக்கமே ஒட்டிக் கொண்டு நின்றுவிடுவதுண்டு. கறுப்பு ஆயிலுக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புது வளையமுள்ள பில்டரை மாட்டினால் இரண்டு வளையங்களும் நழுவும். இது சிறு கசிவு அன்று. இஞ்சின் வேகம் பிடித்ததும் சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் வெளியேறிவிடக்கூடும். எனவே முகப்பை விரலால் தடவிப் பார்த்தே புதியதை மாட்ட வேண்டும். வளையத்தில் துளி ஆயில் தடவி, அது முகப்பைத் தொட்ட பின் கையாலேயே முக்கால் சுற்று திருகினால் போதுமானது. கிண்ணம் போன்ற மூடியுள்ள பில்டராக இருந்தால், பள்ளத்தில் பதிந்திருக்கும் பழைய வளையத்தைக் கொக்கிக் கம்பியால் நெம்பி எடுக்க வேண்டும். நடுப் போல்ட்டின் வாஷரையும் மறக்கக்கூடாது.

மற்றொரு காரணம் தாராள மனது. ‘கொஞ்சம் கூட ஊற்றினால் இஞ்சினுக்கு நல்லதுதானே’ என்று பலரும் நினைக்கிறார்கள். இது தவறு. அளவுக் குச்சியின் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால், கிராங்க் சுழலும்போது அதில் அடிபட்டு ஆயில் நுரைக்கும். நுரை பேரிங்கைக் காக்காது. மிகுதி ஆயில் பிரீதர் வழியாகவும் ஆயில் சீல் ஓரமாகவும் வெளியே தள்ளப்படும். சமதரையில் நிறுத்தி, இஞ்சின் ஓய்ந்து பத்து நிமிடம் கழித்து அளவு பார்த்து, கூடுதலை வடித்துவிடுங்கள். பிரீதர் புழுதியால் அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி இதே கசிவு உண்டாகும். அதை டீசலில் கழுவி உலர்த்தி மாட்ட வேண்டும்.

சோப்பை அப்புவது, பஞ்சு நூல் சுற்றுவது, ஒட்டுப்பசையை வாரிப் பூசுவது ஆகியவை கிராமத்தில் வழக்கத்தில் உள்ளன. டீசல் தொட்டியில் சிறு பொத்தலைச் சோப்பால் அடைத்து வீடு வந்து சேரலாம். சூடான ஆயிலுக்கு அது நிற்காது. நூலும் பசையும் உட்புறமாகப் பிய்ந்து விழுந்தால் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும். வெளிக்கசிவை நிறுத்த எண்ணி உள்ளே ஆயில் ஓட்டத்தையே நிறுத்தியது போலாகும்.

சிறு கசிவுதானே என்று விட்டுவிடலாமா? நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் போய்விடும். இரவு முழுவதும் மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் லிட்டர் கணக்கில் குறையும். குறைந்த ஆயிலில் ஓடும் இஞ்சினில் பேரிங் உருகி, கிராங்க் ஷாப்ட் கீறிவிட்டால், அதைக் கடைந்து சரி செய்யும் செலவு சிறு விவசாயியின் ஒரு போக வருமானத்தையே விழுங்கிவிடும். ஆகவே கசிவைச் சரி செய்யும்வரை தினமும் இஞ்சினைக் கிளப்புமுன் அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும். ஆயில் அழுத்த விளக்கு எரிந்தாலோ முள் இறங்கினாலோ அந்த நொடியே நிறுத்துங்கள். பறக்கும் சக்கரத்தின் பக்கத்திலிருந்து ஆயில் வந்தாலும், ஆயில் பால் போல் வெளுத்திருந்தாலும் அது ஆயில் மாற்றியதால் வந்த கோளாறு அன்று. முன்னதற்குக் கிராங்க் சீலையும், பின்னதற்குத் தண்ணீர் கலக்கும் இடத்தையும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

நமது பகுதிக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. பம்பு சுமார் 20 அடிக்கு மேல் தண்ணீரை நன்றாக உறிஞ்சாது என்பதால், நீர்மட்டம் இறங்கிய கிணறுகளில் உட்புறம் திட்டு வெட்டி அதில் இஞ்சினை வைக்கிறார்கள். அங்கே கசியும் ஒவ்வொரு சொட்டும் கிணற்றில்தான் விழும். குடிப்பதற்கும் மாட்டுக்கும் அதே தண்ணீர்தான். மேட்டில் கொட்டிய ஆயிலும்கூட இங்குள்ள பாறை வெடிப்புகளின் வழியே கிணற்றுக்கு வந்துவிடக்கூடும். இஞ்சினுக்கு அடியில் மரத்தூள் பரப்பிய தகரத் தட்டை வைத்துவிட்டால் கசிவு கிணற்றுக்குப் போகாது. எவ்வளவு கசிகிறது என்பதும் தெரியும். கிணற்றுக்குள் இஞ்சினை ஓட்டிக் கசிவு பார்க்கும்போது அருகிலேயே குனிந்து உட்கார்ந்திருக்கக்கூடாது. புகை தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. மேலே ஒருவரை நிறுத்திவிட்டே இறங்க வேண்டும். இஞ்சினை நிறுத்தி, புகை முழுதும் வெளியேறிய பிறகே அருகில் சென்று தூளைப் பார்க்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றுவதும், மாட்டுப் புண்ணுக்குத் தடவுவதும் கூடாது. அதில் உலோகத் துகளும் நச்சுப் பொருள்களும் கலந்திருக்கின்றன. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக் கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். இஞ்சின் பராமரிப்பில் ஐயமிருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். போகும்போது பழைய வாஷரையும் இஞ்சின் கையேட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.