வில்லனாக வந்த வயர்

கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் முதலில் எதைச் சந்தேகிப்போம்? அடாப்டரை, அடுத்து மெமரி கார்டை. நானும் இரண்டையும் மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம்.

என் வீட்டில் இருப்பது ராஸ்பெர்ரி பை 4. உள்ளங்கை அளவு போர்டு. அதை ஒரு சிறிய கேபினட்டில் பொருத்தி, எஸ்.எஸ்.டி. ஒன்றை இணைத்து, குடும்பப் படங்களைச் சேமித்து வந்தேன். அப்பாவின் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்ததும் அதில்தான். பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யும்போதெல்லாம் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றும். "ஏதோ ஐகான்" என்று விட்டுவிட்டேன். ஒருநாள் காப்பி நடுவில் நின்றது. ஒரு ஃபோல்டரில் பதினொரு படங்கள் திறக்கவே இல்லை.

அந்த மின்னல், போர்டுக்கு வரும் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்ற எச்சரிக்கை. மல்டிமீட்டரை எடுத்தேன். கேபினட்டின் பின்புற ஜாக்கில் 5.1 வோல்ட். காப்பி ஓடும்போது போர்டின் பின்களில் பார்த்தால் 4.58. நடுவில் அரை வோல்ட்டைக் காணோம்! நடுவில் இருப்பது என்ன? ஒரு ஸ்விட்ச், ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். அவ்வளவுதான்.

வயரைத் தொட்டேன், லேசான சூடு. முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை நிறம். செம்பு முலாம் பூசிய அலுமினியம்! ஒரே தடிமனில் அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மேலே உள்ள பிளாஸ்டிக் உறை தடிமனாக இருந்ததால் ஏமாந்தேன். உள்ளே இருந்தது 28 கேஜ் கம்பி, அதாவது 0.08 சதுர மில்லிமீட்டர்தான். (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும், கவனம்.)

கணக்கு எளிது. போய்வரும் தூரம் அரை மீட்டர். இந்தக் கம்பியில் அதன் தடை ஏறக்குறைய 0.16 ஓம். 2 ஆம்பியர் போனால் 0.3 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே தொலையும். மீதியை மட்டமான ஸ்விட்சும் சரியாக நசுக்கப்படாத முனைகளும் விழுங்கின.

கடையில் 22 கேஜ் சுத்தமான செம்பு வயர் வாங்கினேன். வாங்கும்போதே சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள், தப்பில்லை. சிவப்பில் இரண்டு, கறுப்பில் இரண்டு. சிவப்பு இரண்டும் 2, 4-ம் பின்களுக்கு. கறுப்பு இரண்டும் 6, 9-ம் பின்களுக்கு. இப்படி இரட்டையாகப் போட்டால் ஒவ்வொரு பின்னும் பாதிச் சுமையைத்தான் தாங்க வேண்டும். ஸ்விட்சையும் 3 ஆம்பியர் தாங்கும் ஒன்றாக மாற்றி, சால்டர் செய்த இடங்களில் ஹீட் ஷ்ரிங்க் டியூப் மாட்டினேன்.

இனி ஒரு முக்கியமான விஷயம். இந்த வேலையை அடாப்டரைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். வயரைப் போர்டில் செருகும் முன், அடாப்டரைப் போட்டு வயர் முனையில் பிளஸ், மைனஸ் சரியா என்று மீட்டரில் பாருங்கள். பிறகு மீண்டும் கழற்றிவிட்டுச் செருகுங்கள். 2-ம் பின்னுக்குப் பக்கத்திலேயே இருக்கும் 1-ம் பின் 3.3 வோல்ட்டுக்கானது. சிவப்பு வயர் அதில் ஏறிவிட்டால் போர்டையே மறந்துவிட வேண்டியதுதான். நான் செல்போன் டார்ச் அடித்து மூன்று முறை எண்ணினேன்.

இப்போது அதே காப்பி வேலை ஓடும்போது பின்களில் 5.02 வோல்ட். மின்னல் குறி வரவில்லை. திறக்காத பதினொரு படங்களை மட்டும் எந்த ரிப்பேர் சாஃப்ட்வேராலும் மீட்க முடியவில்லை. நல்லவேளை, அசல் ஆல்பம் அண்ணன் வீட்டில் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரோடு போகிறேன்.