வெயிலுக்கு வெள்ளைச் சாயம் வேண்டாம்

ஈரோட்டிலிருந்து பெருந்துறையைத் தாண்டிப் போனால் விஜயமங்கலம். அங்குள்ள சந்திரப்பிரபர் கோயில், கொங்கு நாட்டில் சமணம் செழித்திருந்த காலத்துச் சின்னம். பெருங்கதை பாடிய கொங்குவேளிரோடு இந்த ஊரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அந்தக் கோயிலின் கோபுரத்தை நீர்வண்ணத்தில் தீட்ட உட்காருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எங்கெல்லாம் பிரஷ் படவே கூடாது என்பதை.

காரணம் சாயத்திலேயே இருக்கிறது. நுண்ணிய நிறமித் தூளை வேலமரப் பிசினோடு குழைத்தால் நீர்வண்ணம். தண்ணீர் ஆவியானதும் பிசின் தூளைத் தாளோடு பிடித்துக்கொள்ளும். மிஞ்சும் படலம் அவ்வளவு மெல்லியது. வெளிச்சம் அதற்குள் புகுந்து, அடியிலுள்ள வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்புகிறது. எனவே வெயில் விழும் கல் என்றால் அது தாளின் வெண்மைதான். ஆயில் பெயிண்டில் கடைசியாக வைக்கும் வெளிச்சத்தை இதில் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

வானத்துக்குத் தாளை நனைத்துவிட்டு வண்ணம் விட்டால் ஓரங்கள் தாமாகக் கரையும். கோபுர விளிம்பு கூர்மையாக வர, தாள் காய்ந்திருக்க வேண்டும். பழங்கல்லின் சொரசொரப்புக்கு, பிரஷின் ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டுப் படுக்கையாக இழுப்பார்கள். தாளின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். சித்திரை வெயிலில் இந்த வேலை பெரும் சோதனை. பூசிக்கொண்டிருக்கும்போதே காய்ந்து, நடுவில் கோடு விழுந்துவிடும்.

1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பிய ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் ஓசூர், ராயக்கோட்டைப் பக்கமெல்லாம் வரைந்துகொண்டே தெற்கே போனார்கள். இந்தியா முழுக்க அவர்கள் வரைந்தவற்றிலிருந்து 144 படங்கள் 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்தன. செம்புத் தகட்டில் அச்சிட்டு, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நீர்வண்ணம் தீட்டினார்கள். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்து, பின்னாளில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரும் இளமையில் நீர்வண்ண இயற்கைக் காட்சிகளில் கை தேர்ந்தவர்.

விஜயமங்கலத்தில் வெயில்தான் சிக்கல் என்றால், ஆர்மீனியாவின் கெகார்த் மடத்தை வரைபவருக்கு இன்னொரு சிக்கல். அந்த மடத்தின் ஒரு பகுதி மலையையே குடைந்து செய்தது. சுவரும் பாறையும் ஒரே நிறம். மாமல்லபுரத்தை வரைந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். கெகார்த்தில் கட்டடத்தைப் பிரித்துக் காட்டுவது நிழல். மற்றதெல்லாம் காவியாக இருக்க, நிழலில் மட்டும் கொஞ்சம் நீலம் சேர்த்தால் வாசலும் வளைவும் முன்னே வந்து நிற்கும்.

இப்படி உருவான படத்துக்கு வெளிச்சமே எதிரி. சில நிறமிகள் சீக்கிரம் வெளிறிவிடும் என்பதால், அருங்காட்சியகங்கள் மங்கலான விளக்கில், அதுவும் சில மாதங்கள் மட்டுமே நீர்வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைக்கின்றன. வீட்டில் மாட்டுவதானால் நேர்வெயில் படாத சுவர் நல்லது.