உங்களுக்குத் தெரியுமா? பகடை ஆட்டத்தில் பாவ புண்ணியக் கணக்கு

● ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். இதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘அலைன்மென்ட்’ என்ற குணச்சார்பு உண்டு.

● தொடக்கத்தில் மூன்றே சார்புகள்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். நன்மை, தீமை என்ற இரண்டாவது அளவுகோலைக் கைகாக்ஸ் 1976இல் ஒரு கட்டுரையில் சேர்த்தார். 1978இல் வந்த விதிநூலில் அவை ஒன்பது வகைகளாயின.

● சட்டத்தை மீறியாவது ஏழைக்கு உதவுபவர் நல்லவர், ஆனால் அடங்காதவர். சட்டத்தைக் காட்டியே ஊரைச் சுரண்டுபவர் ஒழுங்கானவர், ஆனால் தீயவர்.

● தீர்ப்பு சொல்பவர் ‘டஞ்சன் மாஸ்டர்’ எனப்படும் நடுவர். அவர் பார்ப்பது பேச்சை அல்ல, செயலை. 1979இல் வந்த நடுவர் கையேட்டின்படி, குணச்சார்பு மாறினால் பாத்திரம் ஒரு படிநிலை இறங்கிவிடும்.

● அக்கால விதிப்படி, ‘பாலடின்’ என்ற அறவீரர் தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் அந்தத் தகுதி நிரந்தரமாகப் போய்விடும். ஒழுங்கு மட்டும் தவறினால், மதகுருவிடம் ஒப்புக்கொண்டு பரிகாரம் செய்துகொள்ளலாம்.

● 2008 பதிப்பு ஒன்பது வகைகளை ஐந்தாகச் சுருக்கியது. 2014இல் ஒன்பதும் திரும்பி வந்தன. இப்போது பாலடின் எந்தச் சார்புடையவராகவும் இருக்கலாம். எடுத்த சபதத்தைக் காத்தால் போதும்.

● விலங்குகளுக்குச் சார்பே கிடையாது. பசிக்குக் கடிக்கும் ஓநாய் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்கிறது விதி.