டயர்களைத் தெரிதலும் பேணலும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேரும் கட்டை வண்டியும் ஓடிய காலத்தில் அச்சாணிக்கு இருந்த பெருமை, இக்காலத்தில் டயரினுள் அடைபட்டிருக்கும் காற்றுக்கு உரியதாயிற்று. 1997-ஆம் ஆண்டு வரை ஒரே ஜில்லாவாக இருந்த சேலம், நாமக்கல் சமவெளியில், உழுதல், கிழங்கு ஏற்றுதல், ஆழ்துளைக் கிணறு இறக்குதல், கல் வெட்டுதல், மண் அள்ளுதல் ஆகிய தொழில்கள் பெரும்பாலும் டயரின் மீதே நடைபெறுகின்றன. அங்ஙனமிருந்தும், எந்திரத்தின் எண்ணெயைப் பற்றி நாள்தோறும் விசாரிக்கும் நம்மவர், டயரைப் பற்றி அது வெடித்த நாளிலன்றி நினைப்பது அரிது. ஆதலின், அதனைத் தெரிந்தெடுக்கும் முறையையும் பேணும் முறையையும் பற்றிச் சில கூறப் புகுகின்றோம்.

காற்றடைத்த சக்கரம் நெடுங்காலத்து முயற்சியின் பயனாகும். ரப்பரைக் கந்தகத்தோடு கலந்து சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் நிற்கும் என்பதை 1839-இல் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் கண்டார். காற்றுச் சக்கரத்துக்கு 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காத்லாந்தியர் உரிமை பெற்றாராயினும் அது வழக்கில் நிலைபெறவில்லை. பெல்பாஸ்டு நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மைந்தனுடைய முச்சக்கர வண்டியின் பொருட்டு அதனை மீண்டும் அமைத்து, 1888-இல் உரிமை பெற்றார். டிராக்டர்களோ அதன் பின்னும் பல ஆண்டுகள் இரும்புப் பற்களையுடைய சக்கரங்களோடே வயலில் இறங்கின. 1932-இல்தான் அமெரிக்காவில் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் காற்று டயர் பூட்டிய டிராக்டரை விற்கத் தொடங்கினர். இரும்புப்பட்டை வண்டியிலும் டயர் வண்டியில் மாடுகள் எளிதாகப் பாரம் இழுப்பதைக் கண்ட நம் குடியானவருக்கு இதன் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, டயரைப் பற்றி முதற்கண் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் ரப்பர் அன்று, உள்ளிருக்கும் காற்றே. ரப்பரும் நூலடுக்குகளும் அக்காற்றைக் காக்கும் பை மாத்திரமே. ஒரு பின்சக்கரத்தின்மேல் 1,200 இராத்தல் பாரம் இருப்பதாகக் கொள்வோம். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12 இராத்தலாயின், டயர் ஏறக்குறைய 100 சதுர அங்குல நிலத்தைத் தொட்டு நிற்கும். அழுத்தத்தை 24 இராத்தலாக உயர்த்தினால் தொடும் இடம் ஏறக்குறைய 50 சதுர அங்குலமாகச் சுருங்கும். டயரின் சுவர் தானும் சிறிது தாங்குமாதலின் கணக்குச் சற்று வேறுபடலாம். எனினும் விதி இதுவே. காற்றை மிகுப்பின் நிலத்தின்மேல் அழுத்தம் மிகும். குறைப்பின் டயர் அகன்று பரவும்.

இதனால் விளைவதென்னை? நிலக்கடலையின் விழுது மண்ணுள் இறங்கினாலன்றிக் காய் பிடியாது. மரவள்ளியின் கிழங்கு இளகிய மண்ணிலன்றிப் பருக்காது. இவ்விரண்டும் நம் சமவெளியின் முதன்மையான பயிர்கள். ஈரமான செம்மண்ணில், அளவுக்கு மேல் காற்றடைத்த டயர் ஏறி இறங்குமாயின், கலப்பை கிளறிய ஆழத்துக்குக் கீழே மண் இறுகிப் பலகை போலாகின்றது. மழைநீர் கீழே இறங்காது, வேரும் இறங்காது. விளைச்சல் குறைந்ததற்கு விதையையும் மழையையும் நொந்துகொள்ளும் உழவர், தம் டிராக்டரின் டயரையும் ஒருமுறை சோதித்தல் நன்று.

நம் பக்கத்து டிராக்டருக்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. காலையில் வயலை உழுத வண்டியே மாலையில் மரவள்ளிக் கிழங்கை ஏற்றி ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குத் தார்ச்சாலையில் செல்லுகின்றது. இருசக்கர டிரெய்லரின் பாரத்தில் ஒரு பகுதி டிராக்டரின் பின்சக்கரத்தின்மேல் விழுகின்றது. வயலுக்குக் குறைந்த காற்றும், பாரமேற்றிய சாலைக்கு மிகுந்த காற்றும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவை வைப்பது ஒன்றில் மண்ணைக் கெடுக்கும், அல்லது டயரைக் கெடுக்கும். எனவே, டயர் செய்தவரும் வண்டி செய்தவரும் குறித்துள்ள இரண்டு அளவுகளையும் சக்கர மூடியின்மேல் வர்ணத்தால் எழுதிவைத்து, உழவு நாட்களில் ஒன்றையும் பாரமேற்றும் நாட்களில் மற்றொன்றையும் கைக்கொள்ளல் வேண்டும். ஒரே நாளில் இரண்டு வேலையும் நேரிட்டு, காற்றை மாற்ற இயலாதாயின், பாரத்துக்குரிய அளவையே வைத்துக்கொள்ளுக. ஏனெனில், குறைந்த காற்றோடு பாரம் சுமந்து விரைந்தோடும் டயர் சூடேறி, உள்ளடுக்கு நூல்கள் அற்று, நடுவழியில் வெடிக்கும். அத்தகைய நாளில் ஈரம் சற்று உலர்ந்த பின் உழுதல் மண்ணைக் காக்கும் உபாயமாகும்.

டயரைத் தெரிந்தெடுக்கும்போது அதன் பக்கச் சுவரில் பொறித்துள்ளவற்றைப் படித்தறிதல் அவசியம். 13.6-28 என்றிருப்பின், டயரின் அகலம் ஏறக்குறைய 13.6 அங்குலம், அது பூட்டப்படும் ரிம்மின் குறுக்களவு 28 அங்குலம் என்பது பொருள். அதனை அடுத்துள்ள பிளை என்னும் எண் டயரின் வலிமையைக் குறிக்கும். எண் ஒத்திருப்பதாலேயே இரு டயர்கள் ஒத்தவையாகா. 16.9-28 என்னும் அளவு பெரிய டிராக்டருக்கும் உண்டு, மண் அள்ளும் பொறிக்கும் உண்டு. ஆயின், உழுவதற்குரியதில் ஓட்டுநர் பட்டன் என வழங்கும் முகடுகள் உயர்ந்தும் இடைவெளி அகன்றும் இருக்கும். மண் அள்ளும் பொறிக்குரியதில் அவை தாழ்ந்து பரந்து, நூலடுக்கும் வலிமை மிக்கதாயிருக்கும். முன்னதைக் கல்லாங்குத்தில் ஓட்டினால் முகடுகள் பிய்ந்துபோம். பின்னதைச் சேற்றில் இறக்கினால் சேறு அப்பிக்கொண்டு வழுக்கும். சேலத்தை அடுத்த மாக்னசைட்டுக் குன்றுகளிலும் கற்சுரங்கங்களிலும் ஓடும் வண்டிகளுக்கு, வெட்டுக் காயத்தைத் தாங்கும் ரப்பரால் அமைந்த கனத்த டயரே தகும். காவிரி வாய்க்கால் பாயும் மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்து நெல்வயல்களில் சேறடிக்கும்போதோ, எந்த டயரும் தனியே போதாது. இரும்புக் கூண்டுச் சக்கரத்தைத் துணையாகப் பூட்டுகின்றனர். நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரில், முன் பின் டயர்களின் சுற்றளவு ஒன்றுக்கொன்று கணக்காய் அமைந்திருத்தலின், ஒன்றை மாத்திரம் வேறு அளவுக்கு மாற்றலாகாது.

இழுவை போதாதபோது பலர் டயரைப் பழிப்பர். குறை பெரும்பாலும் எடையில் இருக்கும். இதனைச் சோதிக்க எளிய வழியுண்டு. பின்டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, கலப்பையை மண்ணில் இறக்கிப் பத்துச் சுற்று ஓட்டி, தொடக்கத்தையும் முடிவையும் நிலத்தில் குறித்துக்கொள்க. பின்னர்க் கலப்பையைத் தூக்கி அதே தூரத்தை ஓட்டி எண்ணுக. எட்டரைச் சுற்றில் முடிந்தால் வழுக்கல் நூற்றுக்குப் பதினைந்தாகும். அதற்கு மேற்பட்டால் டயரும் டீசலும் வீணாகின்றன. எடை சேர்த்தல் வேண்டும். எட்டுக்குங் குறைந்தால் எடை மிகையென்று குறைத்தல் வேண்டும். எடை சேர்க்க டியூபினுள் முக்கால் பங்கு நீர் நிரப்புவதுண்டு. குளிர்நாட்டார் நீர் உறையாமைப் பொருட்டு அதனுள் ஒருவகை உப்பைக் கலப்பர். நம் வெயிலுக்கு வெறும் நீரே போதும்.

பேணும் முறைகள் எளியனவே. காற்றை விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் தானே உயரும், அதைக் கண்டு காற்றை இறக்கலாகாது. வால்வுக்கு மூடியிடுக. டீசலும் கிரீசும் பட்டால் உடனே கழுவுக. அவை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். சீமைக்கருவேல முள்ளையும் பருத்தி மாரின் அடிக்கட்டையையும் நாள் முடிவில் பார்த்து அகற்றுக. திருச்செங்கோட்டிலிருந்து பல மாகாணங்களுக்குச் செல்லும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளில், பின்புறத்து இரட்டை டயர்களின் இடையே கல் சிக்கினால் இரண்டும் ஒருங்கே கெடும். தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் ஒட்டிக்கொள்ளுதல் நல்ல சிக்கனமே. ஆனால், உள்நூல் வெளிப்படும் வரை ஓட்டிய டயருக்கு அது பயன்படாது. காலத்தில் கழற்றியவனுக்கே அச்சிக்கனம் கைகூடும்.

இறுதியாகக் கூறுவது உயிரைப் பற்றியது. நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர்க்கடைகளில் வேலை கற்கும் இளைஞர் பலர். வளையம் பொருத்திய கனரக ரிம்மில் காற்றடைக்கும்போது வளையம் சரியாகப் பொருந்தாவிடின், அது பீரங்கிக் குண்டு போலத் தெறிக்கும். நீண்ட குழாயால், பக்கவாட்டில் விலகி நின்று, கூடுமாயின் இரும்புக் கூண்டினுள் வைத்தே காற்றடைத்தல் வேண்டும். டயர் பூட்டியிருக்கும்போது ரிம்மில் வெல்டிங் வைப்பது பெருங்கேடு. உள்ளே ரப்பர் வெந்து எழும் ஆவி தீப்பற்றி வெடித்து ஆளைக் கொல்லும். காற்றை இறக்கிவிட்டதனால் மாத்திரம் இவ்வபாயம் நீங்காது. டயரைக் கழற்றிய பின்பே ரிம்மைத் தீயில் காட்டலாம்.

காற்றளவுக் கருவி ஒன்று வாங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டா. அதனை வாங்கி வாரம் ஒருமுறை பயன்படுத்துவோன் டயரையும், நிலத்தையும், சில வேளை ஓர் உயிரையும் காப்பான். விடுமுறைக்குச் சிற்றூர் செல்லும் நம் மாணவர்கள் தத்தம் வீட்டு டிராக்டரின் டயரை ஒருமுறை அளந்து, உரிய அளவை அதன் சக்கர மூடியில் எழுதிவருவாராயின், கற்ற கல்வியால் இல்லத்தார்க்கு உடனே கிடைக்கும் பயன்களுள் அதுவும் ஒன்றாகும்.