அந்தியில் ஸ்கோப் ஏன் இருளடிக்கிறது?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அந்தி நேரம் முக்கியம். வெள்ளைவால் மான்கள் அப்போதுதான் அதிகம் நடமாடும். குறைந்த விலையில் 24 மடங்கு பெரிதாக்கும் துப்பாக்கி ஸ்கோப் வாங்கியவருக்கு அந்த நேரத்தில் காடே கருத்துத் தெரியும். ஏன்?

முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ், 24 மடங்கு என்றால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் சுமார் 2 மி.மீ.தான். மங்கிய வெளிச்சத்திலோ நம் கண்பாவை 5, 6 மி.மீ. வரைகூட விரிந்திருக்கும்; அதை நிரப்ப அந்த ஒளிக்கற்றை போதாததால்தான் காட்சி கருக்கிறது. 40 மி.மீ. லென்ஸில் 7 மடங்கோடு நிறுத்தினால் 5.7 மி.மீ. கிடைத்துவிடும். 3 முதல் 9 மடங்கு வரை போகும் ஸ்கோப்பே தாராளம்.

உருப்பெருக்கத்தில் மிச்சமாகும் பணத்தை லென்ஸின் மேற்பூச்சுக்குச் செலவிடுங்கள். பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்! 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா உருவாக்கிய மெல்லிய பூச்சு இந்த இழப்பை வெகுவாகக் குறைத்தது. எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உண்டா என்று கடையில் அழுத்திக் கேளுங்கள்.

ஸ்கோப்பை ஒரு சோதனையும் செய்து பாருங்கள். குண்டில்லாத துப்பாக்கியைத் தாங்கியில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மெல்ல நகர்த்துங்கள். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்ந்தால், பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் இல்லை என்று பொருள். இதுதான் இடமாறு தோற்றப் பிழை. வேட்டை ஸ்கோப்புகள் பலவும் 100 கஜ தூரத்துக்கே சரிசெய்யப்பட்டு வருவதால், இலக்கை அதே தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.